ஐந்து வருஷம் தாங்கிய ஸ்டாண்ட், ஒரு விரற்கடை இறங்கிய கார்

மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறான். "அண்ணே, நீங்க வெச்சிருக்கிற ஜாக்கி ஸ்டாண்டையே நானும் வாங்கட்டுமா? இப்ப விலை குறைஞ்சிருக்கு" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். "அஞ்சு வருஷமா உங்க வண்டி அதுமேலதானே நிக்குது?" என்றான். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டி முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின், கண் திறப்பது போல எழும்பும் ஹெட்லைட். 1989-ல் அறிமுகமான மாடல், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இந்த ஸ்டாண்ட் எல்லோரும் பார்த்திருக்கும் வகை: நடுவில் பல் வெட்டிய இரும்புத் தூண், பக்கத்தில் ஒரு கைப்பிடி, உள்ளே பல்லைப் பிடிக்கும் கொக்கி. மேலே மூன்று டன் என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் ஜோடிக்குச் சேர்த்துச் சொல்வது, ஒன்றுக்கு அல்ல. வாங்கும்போது அதை முதலில் பாருங்கள்.

இதை நான் வாங்கக் காரணம் ஒரு எண்ணெய்ச் சொட்டு. வண்டி வந்த முதல் மாதமே குளச்சல் வீட்டுப் போர்ட்டிகோவில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, காலையில் ஒரு ரூபாய் அளவு கறை. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கீழே ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கு, கியர்பாக்ஸ் இறக்கணும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவ உறைக்கு (பெல் ஹவுசிங்) அடியில் எந்தக் கசிவு வந்தாலும் பார்வைக்கு ஒரே ஈரம்தான்.

ஆனால் தொட்டுப் பார்த்தால் ஒரே ஈரம் இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குளச்சலில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஒரு அண்ணன். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னார். தண்ணீர் போல மெலிசாக, இளமஞ்சளாக, வழுக்கினால் அது கிளட்ச் ஆயில். பக்கத்தில் இருக்கும், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. பிரேக்குக்கு ஊற்றும் அதே ஆயில்தான், பெயின்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். கறுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தால் இன்ஜின் ஆயில். என் விரலில் வந்தது கறுப்பு.

"மக்கா, எண்ணெய் மேலேருந்துதான் கீழே வரும். சொட்டுற இடத்தைப் பாக்காதே, நனைஞ்ச இடத்துலயே உயரமானது எதுன்னு பாரு" என்றார்.

அதற்குத்தான் வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. கசிவு தேடுவது ஐந்து நிமிட வேலை இல்லை. முதல் நாள் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து அடிப்பக்கம் முழுக்கக் கழுவி, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிட்டேன். மறுநாள் அந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவி, முட்டம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். புகைபோக்கிக் குழாய் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி தூக்கி, டார்ச்சோடு மல்லாந்து படுத்தேன். வெள்ளைப் பவுடரின் மேல் ஒரே ஒரு கறுப்புக் கோடு, தலைமுடி கனத்தில், பெல் ஹவுசிங்கின் மேல்பக்கத்திலிருந்து இறங்கி வந்திருந்தது. அடியில், பின் சீல் இருக்கும் பக்கம் பவுடர் போட்டபடியே காய்ந்து கிடந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) முன்னால் கை நுழையாத சந்தில் உட்கார்ந்திருக்கிறது கேம் ஆங்கிள் சென்சார், இன்ஜின் சுழலும் நிலையைப் பார்த்துச் சொல்லும் கருவி. கழற்றுவதற்கு முன் அது நின்ற நிலையைப் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டேன். அது திரும்பினால் தீப்பொறி விழும் நேரமே (இக்னிஷன் டைமிங்) மாறிப்போகும். உள்ளே இருந்த ரப்பர் ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினதும் காய்ந்த பனையோலை போல ஒடிந்து மூன்று துண்டாக வந்தது. அத்தனை வருஷச் சூட்டில் உழைத்த ரப்பர், அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. புது ரிங் விலை ஒரு சாயங்கால டீச்செலவுதான். கியர்பாக்ஸ் இன்றுவரை இறங்கவில்லை.

இந்த வேலைக்கு மட்டும் நான்கு சாயங்காலம், ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி. அதன் பிறகு ஐந்து வருஷமாக எல்லாக் கசிவும் இந்த ஸ்டாண்டின் மேல்தான் பார்த்தேன். உயரம் மாற்ற ஒரு கை போதும். கால் அகலம், ஆட்டம் இல்லை. கொடுத்த காசுக்கு நல்ல சாமான் என்று மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த மூன்று பேருக்கும் போன் செய்ய வேண்டியிருக்கிறது.

போன ஐப்பசி மழையில் பிரேக் பக்கம் ஏதோ ஈரம் என்று பின்பக்கத்தைத் தூக்கினேன். இரண்டு ஸ்டாண்டையும் வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். கார் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தது. கை விட்டு எழுந்திருக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. நான் வெளியேதான் இருந்தேன். ஆனாலும் வாய் உலர்ந்துவிட்டது. அன்றைக்கு வண்டியின் அடியில் போகவே இல்லை.

கழற்றிப் பார்த்தால் காரணம் எளிது. குளச்சல் உப்புக்காற்றில் தூணின் பற்களுக்கு இடையே துரு பொருக்குக் கட்டியிருந்தது. கொக்கி பல்லின் அடிவரை இறங்காமல் துருவின் மேல் நுனியில் தொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. எடை ஏறினதும் வழுக்கி அடுத்த பல்லில் விழுந்தது. அடுத்த பல் பிடித்தது. அதுவும் பிடிக்காமல் போயிருந்தால் என்ற கேள்வி இன்னும் போகவில்லை. 2020-ல் அமெரிக்காவில் இதே வகை ஸ்டாண்டுகளை விற்பனையாளரே பெருமளவில் திரும்பப் பெற்றார்கள்; கொக்கி பல்லைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதுதான் அங்கேயும் சிக்கல். அங்கே அது தயாரிப்புக் கோளாறு. என்னுடையதில் துரு, அதைக் கம்பி பிரஷால் தேய்த்து வைத்திருக்க வேண்டியது நான். நியாயமாகப் பேசினால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கோபம் அங்கே நிற்கவில்லை. கொக்கி எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்டாண்டின் வயிற்றுக்குள்ளே. ஒவ்வொரு தடவையும் தரையோடு தலையைச் சாய்த்து டார்ச் அடித்தால்தான் பல்லில் உட்கார்ந்ததா என்று தெரியும். உயிரைப் பொறுத்த ஒரு விஷயத்தை ஏன் இப்படிக் கண்ணுக்கு மறைத்துச் செய்கிறார்கள்? இன்னொரு வகை இருக்கிறது, முளை குத்துகிற ஸ்டாண்ட். அதில் துளைக்குள் ஒரு கனத்த இரும்பு முளை குறுக்கே போய் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். தூரத்தில் நின்றே தெரியும். உயரத்தை நினைத்தபடி வைக்க முடியாது, துளைக்குத் துளைதான். பரவாயில்லை.

தம்பிக்கு மீதியையும் சொல்லிவிடுகிறேன். தரை எங்கள் வீட்டில் பேவர் கல். ஒரு கல் அமுங்கினால் ஸ்டாண்ட் சாயும், அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் முக்கால் இஞ்ச் பிளைவுட். என் வண்டியில் ஜாக்கி வைப்பது முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவில், பின்னால் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில். ஸ்டாண்ட் வைப்பது பக்கவாட்டு மடிப்பில் பலப்படுத்திய இடத்தில் மட்டும், வெட்டுப்போட்ட ரப்பர் கட்டை வைத்து. வெறும் இரும்பு பட்டால் அந்த மடிப்பு நெளிந்துவிடும். பின்பக்கம் தூக்கும்போது முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதே. என்னுடையது பின் சக்கரம் இழுக்கிற வண்டி. ஹேண்ட் பிரேக்கும் கியரும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அது அந்தரத்தில் போனதும் இரண்டும் பயன்படாது. நான் அயனித் தடியில் ஆப்பு செதுக்கி வாங்கியிருக்கிறேன். ஸ்டாண்டில் உட்கார வைத்ததும் வெளியே நின்று வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பார். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றின சக்கரங்களைப் பக்கச் சட்டத்துக்கு அடியில் படுக்க வை. ஜாக்கியை மட்டும் நம்பி தலையைக் கூட உள்ளே நீட்டாதே. ஜாக்கிக்குள்ளும் ஒரு ஆயில் சீல்தான் இருக்கிறது, அதுவும் ஒரு நாள் கசியும்.

ஒன்று கூட. ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால், வாசனையும் நிறமும் இல்லாமல் வெறும் தண்ணீர் சொட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே சொட்டும். அதற்காகப் படுத்துத் தேட வேண்டாம்.

ஐந்து வருஷத்தில் ஒரு தடவை கூட காரைக் கீழே போடாத ஸ்டாண்ட்தான். இருந்தாலும் வாங்காதே. என்னுடையதை யாருக்கும் விற்கவும் போவதில்லை, கொக்கியை அறுத்துவிட்டு ஆக்கருக்கு, அதாவது பழைய இரும்புக்குப் போடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி வருகிறது, கிளட்ச் பக்கம் ஈரம் இருக்கிறதாம். முளை குத்துகிற ஸ்டாண்ட் நான்கு அவன் வாங்கி வைக்கட்டும். நான் பிளைவுட்டும் ஆப்பும் பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு போகிறேன்.