சத்தம் வருகிறது, படம் வரவில்லையா? 'பேனல் போச்சு' என்பவரிடம் டிவியைக் கொடுத்துவிடாதீர்கள்

தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். டிவியில் சத்தம் நன்றாக வருகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். எங்கள் அப்பாவிடம் சின்னச் செலவில் சரியாகியிருக்கும் ஒரு நல்ல டிவியைப் பிடுங்கிக்கொண்டு, மட்டமான ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்பா, அம்மா இருப்பது பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் இருந்தது 2018-ல் வாங்கிய 40 இன்ச் எல்இடி டிவி, பெயருள்ள கம்பெனியுடையது. 2024 கோடையில் ஒரு நாள் சாயங்காலம் திரை ஒருமுறை மின்னிவிட்டு அணைந்துபோனது. சீரியல் வசனம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பா தர்மபுரி டவுனில் விற்பனையும் சர்வீஸும் சேர்த்துச் செய்யும் ஒரு கடைக்குப் போன் செய்தார். ஆள் வந்தார், 500 ரூபாய் விசிட்டிங் சார்ஜ் வாங்கினார், "கடையில வச்சுத்தான் பாக்கணும்" என்று டிவியை எடுத்துப்போனார். மறுநாள் வந்த பதில் இதுதான்:

"பேனல் போயிடுச்சுங்க ஐயா. புதுசா போடணும்னா பதினெட்டாயிரம் ஆகும். ஃபிளாட் டிவிக்கு ஆயுசே அஞ்சு வருசம்தானுங்க, உங்களது ஆறு வருசம் ஓடினதே பெரிசு."

பேனல் என்றால் படம் தெரியும் திரைக் கண்ணாடி. அப்பா நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி எங்கள் ஊரில் பல வீடுகளில் பத்து வருடம் தாண்டியும் ஓடியது. அந்த டப்பா டிவியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மெலிசாக இருக்கும் இந்த டிவி சீக்கிரம் போய்விடும் என்ற எண்ணம் ஏற்கெனவே மனதில் இருக்கிறது. கடைக்காரர் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். பழைய டிவிக்கு 1,000 ரூபாய் கழித்து, 21,000 ரூபாய்க்குப் புது 43 இன்ச் டிவி கொடுத்தார். தக்காளி விற்று வந்த காசில் பாதியை அப்பா ரொக்கமாகக் கொடுத்தார், மீதியைத் தம்பி ஜிபேயில் அனுப்பினான். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 28 சதவீதம் வரிங்க, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தபோதுதான் அந்தப் புது டிவியை நான் பார்த்தேன். ஒரு பிரபலமான பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அட்டைப் பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், படமோ தெளிவில்லாமல் இருந்தது. பின்பக்க லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணே இல்லை. இந்தியாவில் விற்கும் டிவிக்கு இந்தப் பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று காட்டிவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

முறையான பில் கேட்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். அங்கே அலமாரியில் எங்கள் பழைய டிவி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது! படம் பளிச்சென்று வந்தது. 'செகண்ட் ஹேண்ட், 9,500' என்று அட்டை வேறு. ஃபிரேமின் கீழ்மூலையில் தம்பி மகன் ஒட்டிய ஸ்டிக்கரின் தடம் அப்படியே இருந்தது. வாடிக்கையாளர் மாதிரியே பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் பத்திரமாக இருந்த 2018 பில்லோடு ஒப்பிட்டேன். சீரியல் நம்பர் ஒன்றேதான். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்க குடுத்துட்டீங்க, அப்புறம் அது எங்க பொருள். நாங்க ரிப்பேர் பண்ணுவோம், விப்போம்" என்றார், வாய் கூசாமல். பேனல் போய்விட்டதென்றால் அதே பேனலில் இப்போது படம் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

காரிமங்கலத்தில் டிவி மெக்கானிக்காக இருக்கும் ஒருவரிடம் விவரம் கேட்டேன். சொல்லி முடிக்கும் முன்பே, "அது ஸ்டிரிப்பு அக்கா, பேனல் இல்ல" என்றார். அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி டிவிதான். படத்தை உருவாக்கும் கண்ணாடிப் பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்இடி பட்டைகள்தான் வெளிச்சம் தருகின்றன. அந்தப் பட்டைகளை மெக்கானிக்குகள் ஸ்டிரிப் அல்லது பேக்லைட் என்பார்கள். திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் பல்பு மாதிரி, அதில் உள்ள எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். பல டிவிகளில் கோளாறைக் கண்டதும் பாதுகாப்புக்காக மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். பேனலும் போர்டும் நன்றாக இருக்கும், சத்தமும் வரும், நமக்குத் தெரிவது கறுப்புத் திரை மட்டும்.

இதைச் சோதிக்க மெக்கானிக்கே தேவையில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியைப் போட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக முகமோ எழுத்தோ நகர்வது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது வெளிச்சம் மட்டுமே. ஒன்றுமே தெரியாவிட்டாலும் பேனல்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், பேனலுக்குப் படச் சமிக்ஞை அனுப்பும் டி-கான் போர்டோ, டிவியை இயக்கும் மெயின் போர்டோ காரணமாக இருக்கலாம். சிவப்பு ஸ்டேண்ட்பை விளக்கே எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளை. அதில் கெப்பாசிட்டர் உப்பிப்போவது சகஜம், சின்னச் செலவுதான். நிஜமாகவே பேனல் உடைந்தால் கண்ணாலேயே தெரியும்: சிலந்தி வலை மாதிரி விரிசல், மை கொட்டியதுபோல் கறை. அப்போது மட்டும் புது டிவி வாங்குவது நியாயம், ஏனென்றால் பேனல் விலை புது டிவி விலையை நெருங்கிவிடும்.

சரி, ஆயுசு எவ்வளவு? எல்இடி பேக்லைட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 30,000 முதல் 60,000 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 2,190 மணி நேரம். குறைந்த கணக்கான 30,000-ஐ எடுத்துக்கொண்டால்கூட 13 வருடத்துக்கு மேல் வருகிறது. நடைமுறையில் வெப்பம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், மட்டமான ஒரே ஒரு எல்இடி என்று ஏதாவது காரணத்தால் 7 முதல் 10 வருடத்துக்குள் ஒரு ரிப்பேர் வருவது வழக்கம். அந்த ரிப்பேரை டிவியின் சாவாகக் காட்டித்தான் எங்களை ஏமாற்றினார்கள். ஸ்மார்ட் டிவி மெதுவாகிவிட்டது, யூடியூப் திறக்கவில்லை என்பதும் இதே மாதிரிதான். அது மென்பொருள் பழசானதால் வருவது, யூடியூப் போன்றவற்றைத் தானே ஓட்டும் ஃபயர் ஸ்டிக் என்ற சின்னக் கருவியைச் செருகினால் தீர்ந்துவிடும். அதற்காகவும் டிவியை மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன.

அந்த மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார், அதை அன்றே செய்தோம். பெரும்பாலான வீடுகளில் பேக்லைட் கடையில் வைத்த மாதிரியே முழு அளவில் எரிகிறது. செட்டிங்ஸில் படத்தைப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' மோடை மாற்றி, பேக்லைட்டை 50, 60-க்குக் குறைத்தால் எல்இடி சூடாவது குறையும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது, கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் செட்டாப் பாக்ஸ் வழியாக வந்து மெயின் போர்டை எரித்துவிட்ட டிவிகள் அவரிடம் நிறைய வந்திருக்கின்றனவாம்.

கடைக்காரர் கொடுத்த புது டிவியும் வருடம் திரும்பும் முன்பே அதேபோல் இருண்டது. "எஸ்டிமேட் சீட்டுக்கு வாரன்டி கிடையாது" என்று கைவிரித்தார். ஸ்டிரிப் மாற்ற, கூலியோடு 1,900 ரூபாய்தான் வாங்கினார் காரிமங்கலத்துக்காரர். எங்கள் பழைய டிவிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருக்கும். அதை மறைத்து அப்பாவிடம் இருபதாயிரம் ரூபாய் பிடுங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தோம், கடைக்காரர் பதிலே தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாத குறையை ஜிபே பதிவு, எஸ்டிமேட் சீட்டு, இரண்டு டிவிகளின் லேபிள் படங்கள் ஆகியவற்றை வைத்து ஈடுசெய்திருக்கிறோம். பில் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் காட்டிய அந்த 28 சதவீதமும் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

வழக்கு நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. தர்மபுரி டவுனில் உங்களுக்கும் "பேனல் போச்சு" என்று சொல்லிப் பழைய டிவியை எடுத்துக்கொண்டு, எஸ்டிமேட் சீட்டில் புது டிவி கொடுத்திருந்தால், அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.