சுவர் எழுப்ப மூன்று புது முறைகள்: எது யாருக்குச் சரிவரும்?

செங்கல் சுவரில் ஒரு பெரிய வசதி உண்டு. தப்பை உளியால் திருத்திக்கொள்ளலாம். சுவிட்ச் இடம் மாற வேண்டுமென்றால் காடி வெட்டி பைப்பைப் பதித்து மேலே பூசிவிடலாம். கதவு அரை அடி தள்ளிப் போக வேண்டுமென்றால் கொஞ்சம் செங்கலைப் பிரித்து மறுபடி கட்டலாம். பழைய முறைக்கு மாற்றாக இன்று முன்வைக்கப்படும் அலுமினியம் ஷட்டரிங் (அலுமினியப் பலகைகளைப் பூட்டி நடுவில் காங்கிரீட் வார்ப்பது), பிரீகாஸ்ட் (ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து இணைப்பது), முப்பரிமாண அச்சு (இயந்திரம் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து சுவர் எழுப்புவது) ஆகிய மூன்றுமே இந்த வசதியைப் பறித்துவிடுகின்றன. விற்பவர்கள் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். டிராயிங்கை எவ்வளவு முன்னதாக முடிவு செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு மனம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பலர் மைவான் என்றே அழைக்கும் அலுமினியம் ஷட்டரிங்கிலிருந்து தொடங்கலாம். ஒரு ஆள் கையால் தூக்கக்கூடிய பலகைகள். எண் பார்த்துப் பூட்டி, சுவரையும் தளத்தையும் ஒரே மூச்சில் காங்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். பலகைகளைக் கழற்றித் தளத்தில் விட்ட துளை வழியாகவே மேல் மாடிக்குக் கொடுத்துவிடலாம், அதற்குக் கிரேன் வேண்டாம். ஆட்களுக்குக் கை பழகிவிட்டால் ஒரு தளத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முதல் சில தளங்கள் மட்டும் மெதுவாகத்தான் நகரும். அதைப் பார்த்துப் பதறிப்போய் முறையையே குறை சொல்பவர்கள் உண்டு.

சிக்கல் பலகையை மூடும் நேரத்தில் இருக்கிறது. ஒயர் போகும் கான்டியூட் பைப், சுவிட்ச் பெட்டி, தண்ணீர்க் குழாய்க்கான துளை எல்லாம் கம்பிக்கூட்டுக்குள் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். ஒரு பெட்டி விட்டுப்போனால், பாரம் தாங்கும் காங்கிரீட் சுவரை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைக் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக்கூடாது. ஆகவே மின்சாரம், குழாய், கம்பி என மூன்று தரப்பும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பலகையை மூட வேண்டும். சுவர் மெல்லியது, உள்ளே கம்பியும் பைப்பும் நெருக்கியடிக்கும். சாதாரணக் கலவை அதற்குள் இறங்காமல் போனால் பலகையைக் கழற்றும்போது ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஜப்பானில் 1980-களின் இறுதியில் உருவான, தானாகப் பரவி இறுகும் காங்கிரீட் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இன்னொன்று, வெயில் அதிகமுள்ள இடத்தில் இந்தச் சுவர் செங்கலைவிட வேகமாக வெப்பத்தை உள்ளே கடத்தும். வெப்பத்தடுப்பை முதல் திட்டத்திலேயே சேர்க்காவிட்டால் வாழ்பவர்கள்தான் அவதிப்படுவார்கள்.

பிரீகாஸ்ட்டில் வார்ப்பு கூரைக்குக் கீழே, சமமான மேசையில், மழை வெயில் தொல்லையின்றி நடக்கிறது. தரத்தைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்தத் தரம் வார்த்தெடுத்த காங்கிரீட் பலகைக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. கட்டடத்தின் உயிர் பலகைகள் சேரும் இணைப்புகளில் இருக்கிறது. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு 1968 மே மாதம் இடிந்தது இதற்குச் சான்று. 18-ஆம் மாடியில் சமையல் எரிவாயு வெடித்துச் சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளப்பட்டது. மேலிருந்த தளங்கள் சரிந்தன, அந்தப் பாரத்தில் கீழிருந்தவையும் சரிந்து ஒரு மூலை முழுக்கப் போய்விட்டது. நான்கு பேர் இறந்தார்கள். 1986-இல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது பல இணைப்புகளில் கலவை ஒழுங்காக நிரப்பப்படவே இல்லை என்பது தெரிந்தது.

அதற்காகப் பிரீகாஸ்ட்டே ஆபத்து என்று சொன்னால் அது அநியாயம். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் லெனினாகன் நகரில் பிரீகாஸ்ட் தூண்-உத்திரக் கட்டடங்கள் ஏராளமாக நொறுங்கின. அதே நகரில் பெரிய சுவர்ப் பலகைகளால் கட்டியவை நின்றன. எந்த அமைப்பு, இணைப்பை யார் நின்று பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. கிரவுட் எனும் நிரப்புக் கலவையை ஊற்றும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொறியாளர் நிற்க முடியாதென்றால் இந்த முறை வேண்டாம் என்பேன்.

பணக் கணக்கும் வேறு. அலுமினியப் பலகை வேலை முடிந்தால் ஓரமாகக் கிடக்கும். பிரீகாஸ்ட் தொழிற்சாலை அப்படிச் சும்மா கிடக்காது, ஆர்டர் இல்லாத மாதத்திலும் சம்பளமும் வட்டியும் கேட்கும். அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய கட்டெரா நிறுவனம், கட்டடப் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து தொழிலையே மாற்றப்போவதாகப் பெரும் முதலீட்டோடு இறங்கியது. 2021-இல் மூடப்பட்டது.

முப்பரிமாண அச்சைப் பற்றி அதிகம் பேச இன்னும் நேரம் வரவில்லை. ஷட்டரிங் பலகையே இல்லாமல், வளைந்த சுவரையும் நேரான சுவரைப் போலவே எளிதாகப் போட்டுவிடுகிறது, அது உண்மையான பலம். ஆனால் அடுக்கின்மேல் அடுக்காக ஏறும் சுவருக்குள் செங்குத்தாகக் கம்பி வைப்பது சிரமம். அடுக்குகள் ஒட்டும் இடம் பலவீனமானது, கூரையைப் பெரும்பாலும் வேறு முறையில்தான் போட வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் 2021-இல் குடியேறிய அச்சு வீட்டையே பாருங்கள். அதன் 24 பாகங்களும் ஆலையில் அச்சாகி லாரியில் வந்து இறங்கியவை. அதாவது, கடைசியில் அதுவும் ஒரு பிரீகாஸ்ட் வீடுதான்.

இனி, முதலில் சொன்ன கேள்வி. வேலை பாதியில் இருக்கும்போது வீட்டுக்காரர் ஜன்னலை அகலமாக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் சில பலகைகளைப் புதிதாகச் செய்து வாங்கினால் அடுத்த தளத்திலிருந்து மாற்றிவிடலாம். கட்டி முடித்த தளங்கள் அப்படியே இருக்க வேண்டியதுதான். பிரீகாஸ்ட்டில் யார்டில் அடுக்கி வைத்திருக்கும் பலகைகள் அத்தனையும் வீண். அச்சில், இன்னும் அச்சாகாத சுவர் வெறும் கணினிக் கோப்புதான், திருத்திவிட்டுத் தொடரலாம். இந்த ஒரு விஷயத்தில் மூன்றிலும் அதிகம் பொறுத்துப்போவது அதுதான்.

என் தேர்வு இதுதான். ஒரே பிளான் பல மாடிகளில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அலுமினியம். பல ஆண்டுகளுக்கான வேலை கையில் இருந்து, கனமான பாகங்களைக் கொண்டுவரச் சாலையும் தூக்கக் கிரேனும் இருந்தால் பிரீகாஸ்ட். அச்சு, கூரைப் பாரம் குறைந்த தரைத்தளக் கட்டடத்துக்கும் வளைவுச் சுவர்களுக்கும் மட்டும், இப்போதைக்கு.

இவற்றில் எதற்குப் பணம் போடுவதற்கு முன்னும் பிம் (BIM) எனப்படும் முழுக் கட்டடத்தின் கணினி மாதிரிக்குப் போடுங்கள். சுவர், கம்பி, குழாய், ஒயரிங் எல்லாம் ஒரே கணினி மாதிரியில் சேரும்போது, உத்திரத்தைக் குழாய் குறுக்கே வெட்டுவது திரையிலேயே தெரிந்துவிடும். அது இல்லாமல் அலுமினியத்தில் இறங்கினால் மாடிக்கு மாடி அதே தப்பைத்தான் வார்ப்பீர்கள். ஒரே ஒரு வீடு கட்டுபவருக்கோ மூன்றும் வேண்டாம். மாதிரியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் செங்கல்லிலேயே கட்டட்டும்.