எலும்புக்குப் பரவிய புற்று: போன் ஸ்கேனா, பெட் ஸ்கேனா, எம்ஆர்ஐயா?

"பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்தானே?" ஃபிலிம் உறையைக் கையில் பிடித்தபடி உறவினர்கள் கேட்கும் கேள்வி இது. விலை கூடியது என்பதாலேயே அதைச் சிறந்தது என்று நம்பிவிடுகிறோம். எலும்பு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. புற்று எங்கே தொடங்கியது, எலும்பைக் கரைக்கிறதா, கெட்டிப்படுத்துகிறதா, நோயாளிக்கு இப்போது என்ன தொல்லை என்று பார்த்துத்தான் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே. எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அதில் ஓட்டை தெரியும். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். தொடை எலும்பு முறியும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இன்றும் அதைத்தான் முதலில் எடுக்கிறோம்.

போன் ஸ்கேனைப் பழசு என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். மூன்று மணி நேரம் போல் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, சிறுநீர் கழித்துவிட்டு காமா கேமராவின் கீழ் படுத்தால் போதும். உச்சி முதல் பாதம் வரை மொத்த எலும்பும் ஒரே படத்தில் வந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் அது புற்றை நேரடியாகப் பார்ப்பதில்லை. காயம்பட்ட இடத்தில் எலும்பு தன்னைப் புதுப்பிக்கப் பாடுபடுகிறதே, அந்த வேலையைத்தான் காட்டுகிறது. மூட்டுத் தேய்மானம், பழைய எலும்பு முறிவு எல்லாம் அதில் கறுப்பாகத் தெரியும். அடுத்தடுத்த விலா எலும்புகளில் வரிசை பிடித்தாற்போல் புள்ளிகள் இருந்தால், எப்போதாவது கீழே விழுந்தீர்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். எலும்பைக் கரைக்க மட்டுமே செய்யும் நோய்களை, உதாரணத்துக்கு மஜ்ஜையிலேயே பிறக்கும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றை, இந்த ஸ்கேன் தவறவிட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் எலும்பு ஆறும்போது போன் ஸ்கேன் மருந்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். படத்தில் நோய் கூடினாற்போல் இருக்கும். வலி குறைந்திருக்கிறது, பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) இறங்கியிருக்கிறது, ஆனால் ஸ்கேன் மட்டும் மோசம் என்றால் பயந்துபோய் சிகிச்சை மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள். சில வாரங்கள் பொறுத்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

சரி, பெட்-சிடி? வழக்கமான பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றணு அதை விழுங்குவதால் நோயே நேரடியாகத் தெரிகிறது. நுரையீரல் புற்று, எலும்பைக் கரைக்கும் மார்பகப் புற்று இவற்றில் நான் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எலும்பைத் தாண்டி கல்லீரல், நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், ரத்தச் சர்க்கரை 200க்குள் இருப்பது நல்லது. கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு கூட்டும் ஊசி போட்டிருந்தால் மஜ்ஜை முழுவதுமே ஒளிரும், அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்று (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியில் வருவது) சர்க்கரையை அவ்வளவாகச் சீண்டாது. அங்கே பிஎஸ்எம்ஏ பெட் வேறு ரகம். அந்தப் புற்றணுவின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. அதிக ஆபத்துள்ள புராஸ்டேட் புற்று நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திய புரோபிஎஸ்எம்ஏ ஆய்வு 2020இல் வெளிவந்தது. பரவலைச் சரியாகக் கணிப்பதில் பிஎஸ்எம்ஏ 92 சதவீதம், சிடியும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம். பிஎஸ்எம்ஏ பெட்டில் கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு. வசதி இருந்தால் இதையே எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் விலா எலும்பில் மங்கலாக ஒற்றைப் புள்ளி தெரிந்தால் உடனே பரவிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சில பிஎஸ்எம்ஏ மருந்துகளில் அப்படிப் பொய்ப்புள்ளி வருவது உண்டு.

எம்ஆர்ஐ பார்ப்பது மஜ்ஜையை. புற்று முதலில் குடியேறும் இடமே அதுதான் என்பதால், எலும்பு கரைவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும். கதிர்வீச்சு கிடையாது. வயதானவரின் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அது எலும்புத் தேய்வாலா, புற்றாலா என்று பிரித்துச் சொல்வதிலும் இதுதான் கெட்டி.

ஒரு சூழலில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. புற்றுநோயாளிக்கு முதுகுவலியோடு கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது முதுகெலும்பு முழுவதையும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஏனென்றால் நசுக்கல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கலாம். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இதற்குக் கொடுக்கும் கெடு 24 மணி நேரம். அடுத்த வாரம் பெட் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.