டயமண்ட் ஹெட்: மூன்று ஆல்பங்களில் எதைக் கேட்பது?

'ஆம் ஐ ஈவில்?' பாட்டை அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா பின்னாளில் எடுத்துப் பாடியதால், அது அவர்களுடைய பாட்டு என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அது இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் 1976-ல் தொடங்கிய டயமண்ட் ஹெட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாட்டு. அயர்ன் மெய்டன் குழுவோடு பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் ஒரே அலையில் வந்தும் இவர்களுக்கு அந்தப் பெயரும் புகழும் கிடைக்கவில்லை. 1985-ல் முதல்முறை கலைவதற்குள் வெளியிட்டது மூன்றே ஆல்பங்கள்.

முதலாவது, 1980-ல் வந்த 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்'. பெரிய இசைத்தட்டு கம்பெனி எதுவும் சேர்த்துக்கொள்ளாததால் தாங்களாகவே வெளியிட்டார்கள். முதலில் வந்தது ஆயிரம் பிரதிகள். வெறும் வெள்ளை உறை, பாட்டுப் பட்டியல்கூடக் கிடையாது. உள்ளே ஏழு பாட்டுகள். 'ஆம் ஐ ஈவில்?' எப்படி ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையைத் தழுவிய கனத்த அடிகள், பிறகு பிரையன் டாட்லரின் கிடார் தனியாகப் பாய்ந்து வருகிறது, அதற்கப்புறம்தான் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பிரபலமான கிடார் துணுக்கு (ரிஃப்). பாடகர் ஷான் ஹாரிஸ் வாய் திறப்பதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அலுக்காது. இருபது வயதைச் சுற்றியிருந்த பையன்களுக்கு எவ்வளவு தைரியம்!

எம்சிஏ கம்பெனி 1982-ல் கொண்டுவந்த 'பாரோட் டைம்' பிரிட்டிஷ் பட்டியலில் 24-ஆம் இடம் வரை போனது. ராட்னி மேத்யூஸின் ஓவியம் அட்டையில் அட்டகாசம். முதல் ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளை இதில் மறுபடி பதிவு செய்தார்கள். ஒலி சுத்தமாகிவிட்டது, வேகம் போய்விட்டது. 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' ஒன்றுக்காக ஒருமுறை கேட்கலாம்.

1983-ன் 'கான்டர்பரி'தான் அதிகம் திட்டு வாங்கியது. பாஸ் கிடார் வாசிப்பவரும் டிரம்மரும் பாதியில் விலகினார்கள். முதலில் அச்சிட்ட தட்டுகளில் ஊசி தாவியது. வேகத்தை எதிர்பார்த்த ரசிகர்களுக்குப் பியானோவும் நிதானமும் பிடிக்கவில்லை. எனக்கு இது 'பாரோட் டைமை' விட எவ்வளவோ மேல். பழையதையே திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார்கள். 'டு தி டெவில் ஹிஸ் ட்யூ' கேட்டாலே தெரியும்.

ஆகவே 1980, அடுத்து நேராக 1983. ஒரு விஷயம்: முதல் ஆல்பத்தை பின்னாளில் சேர்ந்த பாடகர் ராஸ்முஸ் பொம் ஆண்டர்சன் குரலில் 2020-ல் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். தேடும்போது அது முதலில் வந்து நிற்கலாம். ஆண்டைப் பார்த்து ஷான் ஹாரிஸ் பாடியதையே போடுங்கள்.