பெலுகா பார்க்கப் போன பாறை: ஐந்துக்கு நாலு

ரொறன்ரோவிலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீற்றர். இடையில் கியூபெக் சிற்றியில் ஒரு இரவு. காரில் நான், மனைவி, பதினேழு வயது மகன், எண்பதைத் தொடப்போகும் மாமா, ஸ்காபரோவில் வாங்கின மூன்று டசின் ரோல்ஸ். பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைப் பார்க்கப் போன இடம் புவான்-நுவார். சாக்னே ஆறு சென் லோறன்ஸில் வந்து விழும் வாயில் நிற்கிற ஒரு பாறைமுனை. தேசியப் பூங்காக்களைப் பார்க்கிற அரச நிறுவனமான பார்க்ஸ் கனடா பராமரிக்கிறது. ததுசாக் ஊருக்குப் போகும் இலவச ஃபெரிக்கு முன்னாலேயே வந்துவிடும், அக்கரைக்குப் போகத் தேவையில்லை.

"படகு எடுக்கேல்லையோ?" என்று திரும்பி வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள். பெரிய திமிங்கிலங்கள்தான் வேண்டும் என்றால் படகு எடுங்கள், பிழையில்லை. பெலுகாவுக்கு என்றால் காசு வீண். அங்கே அது அழிவின் விளிம்பில் இருக்கிற விலங்கு என்பதால் படகுகள் 400 மீற்றர் விலகி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் பெலுகாவும் அலைநுரையும் ஒன்றுதான். பாறையில் நிற்பவனோ யாரையும் துரத்துவதில்லை. அவை ஆற்றுவாய்க்குள் போகும்போதும் வரும்போதும் தாமாகவே கிட்ட வந்தால் வந்தது.

வராவிட்டால் வரவில்லை. முதல் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எங்களுக்குக் கிடைத்தது காற்று மட்டும்தான். ஓகஸ்ட் மாதம், ஆனால் ஜக்கெற் போட்டும் பல்லுக் கிட்டியது. மாமா ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கையை நீட்டுவார்.

"தம்பி, உது?"

"அலை, மாமா."

"அப்ப அது?"

"அதுவும் அலைதான்."

பக்கத்தில் நின்ற பார்க்ஸ் கனடாப் பிள்ளை கடைசியில் இரங்கி ஒரு உபாயம் சொன்னாள். நுரை உடைந்து பரவிக் கரையும். பெலுகா அப்படியில்லை: மெல்ல எழும்பி, வளைந்து, ஓரம் கலையாமல் முழுதாக மறையும். முதுகில் செட்டை கிடையாது, அதனால் வெள்ளை வளைவு மட்டும்தான் தெரியும். இதைக் கேட்ட பிறகு மாமா கை நீட்டுவதை விட்டுவிட்டு, பைனாகுலரை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

முதலில் கண்டது அவர்தான். ஏழோ எட்டோ இருக்கும். பாறைக்குக் கீழே, எங்கள் தெரு அகலம் மூன்று வைத்தால் வரும் தூரத்தில் போயின. ஒன்றின் விலாவோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. பிறக்கும்போது அந்த நிறம்தான், வெளுக்கப் பல வருடம் எடுக்கும். மூச்சு விடும் சத்தம் தெளிவாகக் கேட்டது, உலைமூடியைச் சட்டென்று தூக்கினால் வருகிற அந்த 'ப்பூஸ்'. தாய் மூச்சு விட்டுச் சற்றுப் பிந்திக் குட்டி, சின்னதாக. மகன் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். நாலு நிமிடம் இருக்குமா? பிறகு வெறும் தண்ணீர்.

இனி, இதை எழுத வைத்த விஷயம். எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு படம் இருந்தது. அமெரிக்கப் பக்கம் ஒரு அக்குவாரியத்தில், ஐந்து வயது மகன் பெலுகாவின் நெற்றியில் கை வைத்திருக்கிறான். தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி இருந்ததாம், அன்றிரவு முழுக்க அதே கதை. காசு கொடுத்தது நான், கமராவுக்குச் சிரிக்கச் சொன்னதும் நான். இரண்டு வருடத்துக்கு முன் மகன் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டான். காரணம் கேட்டேன். "அப்பா, அது திரும்பிப் போக வேற இடம் இருந்ததா?" என்றான்.

அக்குவாரியக்காரர் எப்போதும் சொல்கிற நியாயம் ஒன்று: பிள்ளைகள் கண்ணால் கண்டால்தான் நேசிப்பார்கள். என் வீட்டில் அது பலித்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அன்றைக்குத் தொட்டவன்தான் இன்றைக்கு ஆயிரம் கிலோமீற்றர் ஓட்ட வைத்தான். ஆனால் அவன் படித்த பாடத்துக்குக் கூலி கொடுத்தது அந்தப் பெலுகா. ஆறு இறங்கி ஆறு ஏறித் திரியும், பல நூறு மீற்றர் ஆழம் முக்குளிக்கும் விலங்கு அது.

கனடாக் கதையே விசித்திரம். 1930களில் இதே ஆற்றில் பெலுகா மீனை எல்லாம் தின்கிறது என்று, கொன்றால் ஒன்றுக்கு 15 டொலர் கொடுத்தது கியூபெக் அரசு. 1979இல் சென் லோறன்ஸில் வேட்டை தடை. அதே 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்ட கிஸ்கா என்ற ஓர்கா (கறுப்பு-வெள்ளைக் கொலைத் திமிங்கிலம்), பிறகு நயாகராவில் மரீன்லாந்து என்ற கேளிக்கைப் பூங்காவின் தொட்டிக்கு வந்தது. ஐந்து குட்டி ஈன்று ஐந்தையும் இழந்தது. 2011க்குப் பிறகு தன் இனத்தில் இன்னொன்றைக் காணாமலே இருந்து 2023 மார்ச்சில் செத்தது. இடையில் 2019இல், திமிங்கிலம், டொல்பின்களைப் புதிதாக அடைத்து வைப்பதற்கும் இனப்பெருக்கம் செய்வதற்கும் நாடு தடை போட்டது. ஏற்கெனவே தொட்டியில் இருந்தவற்றுக்கு விலக்கு. அந்த விலக்குத்தான் இன்றைய தலையிடி. 2025இல் மரீன்லாந்தில் மிச்சம் 30 பெலுகா. அவற்றைச் சீனாவிலுள்ள ஒரு பூங்காவுக்கு அனுப்பக் கேட்டார்கள், அக்டோபரில் மீன்வள அமைச்சர் மறுத்தார். அவற்றில் பலவும் தொட்டியிலேயே பிறந்தவை, கடலில் திறந்து விட்டால் இரை பிடிக்கத் தெரியாது. சட்டம் போடுவது லேசு, பிறந்துவிட்டதுகளை என்ன செய்வது?

பருத்தித்துறைக் கடலில் நாற்பது வருடம் தொழில் செய்த மாமாவிடம் காருக்குள் இதைச் சொன்னேன். "ஓங்கில் (டொல்பின்) வலையில பட்டா நாங்கள் வலையை வெட்டி விடுறனாங்கள். வலை நட்டம்தான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எல்லாரும் இல்லை," என்றும் சேர்த்தார்.

போகிறவர்களுக்கு: வெயில் எதிரே அடிக்காத நேரமாகப் பார்த்துப் போங்கள், அடித்தால் வெள்ளை எது நுரை எது என்று பிரிக்க முடியாது. வேலை செய்கிற பிள்ளைகள் நல்ல தன்மை, என் ஓட்டைப் பிரெஞ்சுக்கும் முகம் சுளிக்கவில்லை. பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும், இல்லையென்றால் எங்கள் வீட்டில் நடந்த சண்டை உங்கள் வீட்டிலும் நடக்கும்.

பெலுகா வராத நாளிலும் நாலு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். குறைத்த ஒன்று மரப்படிகளுக்கு. மாமாவின் முழங்காலுக்கு ஏறும் வழியில் மூன்று இடத்தில் குந்தி இருக்க வேண்டி வந்தது. மூன்றாம் இடத்தில் ரோல்ஸும் முடிந்துபோயிற்று.