பிழைச்செய்தியை மறைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள்

கணினியை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அப்பாவின் கணினியில் வந்த எச்சரிக்கைக்குக் காரணம் என்னவென்று பார்க்காமல், அது திரையில் வராதபடி மட்டும் செய்துவிட்டு ஒருவர் பணம் வாங்கிக்கொண்டார். சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அப்பா பல வருடங்களாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த குடும்ப வரலாறும், ஸ்கேன் செய்த பழைய படங்களில் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டன.

ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் வந்த செய்தி இது: "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்." டிஸ்க் மோசமான நிலையில் இருக்கிறது, உள்ளே உள்ளதை நகலெடுத்துவிட்டு வேறு டிஸ்க் போடு என்று அர்த்தம். அப்பாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. ஆனாலும் ஓர் எழுத்து பிசகாமல் தாளில் எழுதி, கணினியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சர்வீஸ்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மா வரும் ஐயா, ஒண்ணும் ஆகாது" என்றாராம். மறுநாள் கணினி திரும்பி வந்தபோது செய்தி வரவில்லை. சரியாகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

பிறகு நான் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தேன். ஸ்மார்ட் சோதனை என்ற இடத்தில் 'டிஸேபிள்டு', அதாவது நிறுத்தப்பட்டது, என்று இருந்தது. அவர் செய்த வேலை அவ்வளவுதான். டிஸ்க் அதே டிஸ்க்.

இடையில் படங்களை நகலெடுக்கும்போது "டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று இன்னொரு செய்தி வந்திருக்கிறது. டிஸ்க்கில் அந்த இடத்தைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்பா அதையும் எழுதிவைத்து, அவருக்கே போன் செய்து படித்துக் காட்டியிருக்கிறார். ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு சர்வீஸ்காரர் போனை வைத்துவிட்டார். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் ஸ்மார்ட் என்று பெயர். கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிவிட்டு மாற்று இடத்தைப் பயன்படுத்தும், எத்தனை ஒதுக்கினோம் என்று கணக்கும் வைத்திருக்கும். இப்படிக் கண்காணிக்கிற அளவுகளில் ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால் எச்சரிக்கை வரும். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு என்று இருக்கிறது. கெட்டுப்போனவற்றில் பாதிக்கும் மேலானவை முக்கியமான அறிகுறிகள் எதையும் காட்டவில்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. பல டிஸ்க்குகள் சொல்லாமலே போய்விடுகின்றன. எங்களுடையது சொன்னது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

ஆகவே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "எர்ரர் வருது" என்று சொல்லாதீர்கள். திரையைப் போனில் படமெடுங்கள். விண்டோஸில் சாதாரணமாக வரும் செய்திப் பெட்டி என்றால், அது திறந்திருக்கும்போதே கன்ட்ரோல், சி அழுத்தினால் வாசகம் பெரும்பாலும் அப்படியே நகலாகிவிடும். திரும்ப வாங்கும்போது, செய்தி எதைச் சொன்னது, காரணம் என்ன, எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "இப்போ வராது" என்பது பதில் இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் நன்றாக இருக்கிறதா, கவனிக்க வேண்டிய நிலையா, மோசமா என்று ஒரே பார்வையில் காட்டும். சர்வீஸ்காரர் எதிரிலேயே அதைத் திறந்து பாருங்கள்.

எல்லாச் செய்தியையும் 'சும்மா வரும்' என்று பழக்கிவிடுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எது நிஜம், எது போலி என்று பிரித்துப் பார்க்கவே வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பிரவுசரில் திரை முழுக்க, வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று வந்தால் பயந்துபோய் அழைத்துவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட் தன் பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் கொடுப்பதே இல்லை. இதை வீட்டில் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த சர்வீஸ்காரர், "டிஸ்க் எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்" என்றார். அந்த டிஸ்க் தானே முன்கூட்டிச் சொல்லியிருந்தது என்றதும் பேச்சை முடித்துக்கொண்டார். தரவு மீட்பு செய்கிற வேறொருவர் சில படங்களை எடுத்துக் கொடுத்தார். அப்பா எழுதியதில் ஒரு பழைய நகல் மட்டும் மின்னஞ்சலில் இருந்தது.

இப்போது உங்கள் திரையிலும் இந்த ஸ்மார்ட் செய்தி இருந்தால், விண்டோஸை மறுபடி போடுவது, டீஃப்ராக் செய்வது (சிதறிக் கிடக்கும் ஃபைல்களை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்துவது) எதுவும் வேண்டாம். முதலில் வேறு எங்கும் இல்லாத ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், பெரிய படங்களும் வீடியோக்களும் அப்புறம். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் நகலெடுக்கக்கூட முயலாமல் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.