பங்காளி நோட்டுக்கு மரமா, கிராஃபா?

முன்னோருக்கு ஒன்றாகப் படைக்கிற எங்கள் படைப்பு வீட்டின் பங்காளிகள் பெயர் நோட்டைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தபோது, மரவடிவம்தான் சரி என்று உடனே முடிவு செய்துவிட்டேன். கோயில், பிரிவு, ஊர், வீடு, புள்ளி (வரி கொடுக்கிற ஒரு குடும்பம்) என்று மேலிருந்து கீழே இறங்குகிற அமைப்பு. நாட்டுக்கோட்டை நகரத்தாரான எங்களுக்குக் குலப் பிரிவு மாதிரியான கோயில்கள் 9, இளையாற்றங்குடிக்கே 7 உட்பிரிவு, ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே அப்பா. அப்புறம் என்ன யோசனை?

புள்ளி வரி எழுதுகிற வரைக்கும் மரம் அருமையாக வேலை செய்கிறது. வீட்டைத் தொட்டால் கீழே இருக்கிற புள்ளிகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும், எவரும் இரண்டு தடவை எண்ணப்பட மாட்டார். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்கிற மரவடிவ டேட்டாபேஸ் 1966-ல் உருவாகத் தொடங்கியதும் இதே மாதிரித் தேவைக்குத்தான்: அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்கு. தொகுதிக்குள் தொகுதி, அதற்குள் பாகம்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீடுகளுக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன். பங்காளி வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனவரை எந்த அப்பாவுக்குக் கீழே எழுதுவது? போன வீட்டில் மட்டும் எழுதினால் பெற்றவர் மறைந்துபோவார். இரண்டு இடத்திலும் எழுதினால், அவருக்குக் குழந்தை பிறந்ததை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு மற்றதில் விட்டுவிடுவோம், எனக்கே அப்படி நடந்தது. இரண்டாவது பெற்றோரைக் காட்ட ஐஎம்எஸ்ஸில் தனியாக ஒரு வழி உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும்.

நியோ4ஜே மாதிரியான கிராஃப் டேட்டாபேஸில், அதாவது யாரையும் யாரோடும் இணைப்பு போட்டுக் கோக்கிற அமைப்பில், ஆள் ஒருவர்தான், அவரிடமிருந்து 'பெற்றவர்', 'கூட்டியவர்' என்று இரண்டு இணைப்புகள் போகும், கூட்டிய ஆண்டை அந்த இணைப்பிலேயே எழுதிவைக்கலாம். பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் இரணியூர்க் கோயிலாரும் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை, பங்காளி முறை. மரத்தில் இவை தனித்தனிக் கிளைகள், அந்த உறவைச் சொல்ல இடமே இல்லை, கிராஃபில் இரண்டு கோயிலுக்கும் நடுவே ஒரு இணைப்பு போட்டால் முடிந்தது. பெண் வழியும் அப்படித்தான். அப்பத்தா பிறந்த வீட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று ஒரு ஆச்சி கேட்டால், அப்பா வழியே ஏறி, அப்பத்தா வழியாக வேறு கோயிலுக்குள் இறங்க வேண்டும், எங்கள் மரமோ கல்யாணமாகிப் போன பெண்ணோடு நின்றுவிடுகிறது.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சில ஆயிரம் பெயர்கள்தான், எதில் போட்டாலும் ஓடும்.

கிராஃபில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மகனையே அப்பாவுக்கு அப்பாவாகத் தவறி இணைத்தாலும் அது தானாகத் தடுக்காது. மரத்தில் அந்தத் தவறு நடக்கவே வழியில்லை. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் சுழல் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை நாமே எழுத வேண்டும். அதையும் எழுதிக்கொண்டு நான் கிராஃபுக்கே மாறினேன். வரிப் பட்டியல் மட்டும் போதும் என்கிற பங்காளிகள் மாற வேண்டியதில்லை, எங்கள் வரிப் பட்டியலைக்கூட கிராஃபிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை மரமாகத்தான் எடுத்து அச்சடிக்கிறேன்.